பால் கட்டியிருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்

வார்டுக்கு வந்திருக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கு,

நான் ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ். பணியில் இருந்தவரை உங்கள் வயதுக்காரர்களையும் சார், மேடம் என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எனக்கு யூனிட் சீஃபும் இல்லை, டியூட்டி ரோஸ்டரும் இல்லை. அந்த உரிமையில் பிள்ளைகளே என்று கூப்பிட்டுக்கொள்கிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரத்திலேயே நீங்கள் ஏதோ ஒரு கேஸ் ஷீட்டில் அசிட்ரோம் என்றோ வார்ஃபரின் என்றோ எழுதப்போகிறீர்கள். காலில் இரத்தம் உறைந்து வந்தவருக்காக இருக்கலாம், வால்வு மாற்றியவருக்காக இருக்கலாம், இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஒரு பெரியவருக்காக இருக்கலாம். எழுதி முடித்ததும் உங்கள் கவலை எல்லாம் இரத்தக்கசிவைப் பற்றியே இருக்கும். ஈறில் இரத்தம் வருகிறதா, சிறுநீர் சிவந்திருக்கிறதா, மலம் கறுத்திருக்கிறதா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் இதே மாத்திரை, தொடங்கிய முதல் சில நாட்களில், நேர் எதிரான வேலையையும் செய்யக்கூடும். தோலுக்குள் ஓடும் நுண்ணிய நாளங்களில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். அந்த இடத்துத் தோலும் அதன் அடியில் உள்ள கொழுப்பும் செத்துப்போகும். அதைப் பற்றி ரவுண்ட்ஸில் யாராவது நோயாளியிடம் கேட்டு நான் கேட்டதில்லை.

அரிதுதானே என்பீர்கள். அரிதுதான். ஆயிரத்தில் ஒருவர் முதல் பத்தாயிரத்தில் ஒருவர் வரை என்று உங்கள் புத்தகங்களே சொல்கின்றன. ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன. நீங்களும் தேர்வில் அந்த ஒரு வரியை எழுதி அரை மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். ஆனால் இந்த மாத்திரை எத்தனை பேருக்குப் போகிறது என்று பாருங்கள். மெடிசின் வார்டு, இதய அறுவை வார்டு, பிரசவ வார்டு, எலும்பு முறிவு வார்டு, பக்கவாதத்துக்கான படுக்கைகள் என்று எங்கும் போகிறது. பத்தாயிரத்தில் அந்த ஒருவர், பேராசிரியர் ரவுண்ட்ஸ் வரும் காலை ஒன்பது மணியைப் பார்த்து நோய்ப்படப் போவதில்லை. ராத்திரியில் வலிக்கும். ராத்திரியில் வார்டில் இருப்பது நீங்கள்தான், கூட ஒரு நர்ஸ். அதனால்தான் பேராசிரியர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். ஊரும் மருத்துவமனையும் வேண்டாம். சிசேரியன் ஆகி வீட்டுக்குப் போனவள், இடது கால் வீங்கித் திரும்பி வந்தாள். டாப்ளரில் தொடை நாளத்தில் இரத்தக்கட்டி. ஹெபாரின் ஊசியும் அசிட்ரோம் மாத்திரையும் ஒரே நாளில் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் ஐ.என்.ஆர். இரண்டைத் தாண்டிவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. ஊசியை நிறுத்திவிட்டு, மறுநாளோ அதற்கு மறுநாளோ அனுப்பிவிடலாம் என்று எழுதினார்கள். படுக்கைக்குக் காத்திருப்பவர்கள் வராந்தாவில் இருந்தார்கள். அந்த அவசரம் எனக்கும் தெரியும்.

நான்காம் நாள் ராத்திரி, இடது மார்பு எரிகிறது என்றாள். பால் கட்டியிருக்கும் என்றார் கூட இருந்த அவள் அம்மா. பால் கட்டியிருக்கும் என்று சொல்லி வெந்நீர் ஒத்தடத்துக்குத் தயாரானார் ஆயா. நான் பார்த்தேன். குழந்தை அதே பக்கத்தில் நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தது. காய்ச்சல் இல்லை. மார்பு முழுதும் கனக்கவில்லை. கீழ்ப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தடித்துக் கிடந்தது. அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் கறுத்திருந்தது, அடிபட்ட மாம்பழம்போல. தொட விடவில்லை. பால் கட்டின மார்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது அது இல்லை.

டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தேன். வந்தார். முந்தின நாள் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்த மனிதர், பாவம். வார்டுக்கு இருந்த ஒரே மறைப்புத் திரை வேறெங்கோ போயிருந்தது. பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்த ஆண்கள் நின்றார்கள். அவள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டார். "பரவாயில்லைங்க சார்" என்றாள். அவ்வளவுதான் பரிசோதனை. தசையில் போடச் சொல்லி டைக்ளோஃபெனாக் ஊசி எழுதினார். அசிட்ரோம் சாப்பிடுகிறவருக்குத் தசை ஊசியா சார் என்று கேட்டேன். அடித்துவிட்டு பாராசிட்டமால் எழுதினார். பிரசவப் பிரிவு டாக்டரைக் காலையில் பார்க்கச் சொல்லுங்கள் என்று சொல்லிப் போனார்.

விடியும்போது அந்த இடம் ஊதாவும் கறுப்புமாகிக் கொப்புளம் கட்டியிருந்தது. தோல் பிரிவிலிருந்து வந்த பட்டமேற்படிப்பு டாக்டரம்மா துணியை விலக்கிப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, மாத்திரை ஆரம்பித்து எத்தனையாவது நாள் என்பது. நான்காம் நாள் என்றதும் அசிட்ரோமை நிறுத்தச் சொன்னார். வைட்டமின் கே போனது, பிளாஸ்மா ஏறியது, நிறுத்தியிருந்த ஹெபாரின் மறுபடி தொடங்கியது. செத்துப்போன தோலை வெட்டி எடுத்துப் பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். பிழைத்துக்கொண்டாள். ராத்திரியே எல்லாம் செய்திருந்தால் துளி தோல்கூடப் போயிருக்காது என்று சொல்லமாட்டேன். தொடங்கிவிட்டால் வேகமாக ஓடுகிற வியாதி இது. ஆனால் ஒரு முழு ராத்திரி கையில் இருந்தது, அதற்குப் பாராசிட்டமால் கொடுத்தோம் என்பது எனக்கு ஆறவில்லை.

இது ஏன் நடக்கிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கக் கூடாது. ஆனாலும் ஒருமுறை என்னோடு சேர்ந்து யோசியுங்கள். ஏனென்றால் காரணம் புரிந்தவர்களுக்கு நாள் கணக்கு மறக்காது. வைட்டமின் கே-யை வைத்து நம் கல்லீரல் இரத்தத்தை உறைய வைக்கும் காரணிகளைச் செய்கிறது. இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து. அதே வைட்டமினை வைத்துத்தான் உறைதலுக்குக் கடிவாளம் போடும் புரதம் சி, புரதம் எஸ் இரண்டையும் செய்கிறது. மாத்திரை எல்லாவற்றின் உற்பத்தியையும் ஒன்றாகவே நிறுத்துகிறது. ஆனால் ஏற்கெனவே இரத்தத்தில் இருப்பவை ஒன்றாகத் தீர்வதில்லை. புரதம் சி சுமார் எட்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். இரண்டாம் காரணி பாதியாக இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். ஆக, முதல் சில நாட்கள் கடிவாளம் அறுந்துவிட்டது, குதிரைக்கு மட்டும் பலம் குறையவில்லை. பிறவியிலேயே புரதம் சி குறைவாக இருப்பவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது. புரதம் எஸ் கர்ப்ப காலத்தில் இயல்பாகவே குறையும்; பிரசவித்தவள் அந்தக் குறையோடுதான் உங்களிடம் வருகிறாள். முதல் நாளே பெரிய டோஸ் ஏற்றினால் ஆபத்து கூடும்.

ஐ.என்.ஆர். பார்த்து வந்த நிம்மதி எதனால் வந்தது என்று யோசியுங்கள். ஏழாம் காரணி ஆறு மணி நேரத்தில் பாதியாகிற காரணி. அது தீர்ந்ததும் ஐ.என்.ஆர். ஏறிவிடும். இரத்தத்தை உண்மையில் உறைய வைக்கும் இரண்டாம் காரணி அப்போதும் மிச்சம் இருக்கிறது. மூன்றாம் நாள் வந்த இரண்டு என்ற எண், மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதைத்தான் சொல்லும். நோயாளிக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று சொல்லாது. ஹெபாரினைக் குறைந்தது ஐந்து நாள் சேர்த்துக் கொடு, ஐ.என்.ஆர். இரண்டுக்கு மேல் ஒரு முழு நாள் நிற்கும்வரை நிறுத்தாதே என்ற விதி எழுதப்பட்டது இதற்காகத்தான். விதி உங்களுக்குத் தெரியும். வராந்தாவில் காத்திருக்கும் கூட்டமும், ஊசிக்கு ஆகும் செலவும், வீட்டில் இரண்டு பிள்ளைகளை விட்டு வந்திருக்கிறேன் சார் என்கிற கெஞ்சலும் அந்த விதியைத் தினமும் மூன்றாம் நாளிலேயே முறித்துப்போடுகின்றன.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவில் 1943இல் வெளியான முதல் குறிப்பே ஒரு பெண்ணின் மார்பு அழுகிப்போனதைப் பற்றியதுதான். அதற்குக் காரணம் மாத்திரை என்று எழுத 1954 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த கேஸ்களிலும் பெரும்பாலானவர்கள் நடுவயதுப் பெண்கள், உடல் பருத்தவர்கள். கொழுப்பு நிறைந்த இடங்களைத்தான் இது தேடிப்போகிறது: மார்பு, தொடை, பிட்டம், அடிவயிறு. ஆண்களுக்கு வந்தால் ஆண்குறியிலும் வரும். மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில்தான் பெரும்பாலும் வரும், பத்து நாளைத் தாண்டுவது குறைவு.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். நம் ஊர்ப் பெண் எந்த இடங்களைப் புருஷனைத் தவிர வேறு யாருக்கும் காட்டமாட்டாளோ, அந்த இடங்கள் இவை. கை வலித்தால் நீட்டிக் காட்டுவாள். முழங்கால் வலித்தால் உங்களுக்குக் கேட்கிற மாதிரி முனகுவாள். மார்போ பிட்டமோ வலித்தால் வாய் திறக்கமாட்டாள். திறந்தாலும் உங்களிடம் சொல்லமாட்டாள். ஆயாவிடம் சொல்வாள், அதுவும் ராத்திரி விளக்கு அணைந்த பிறகு. "பரவாயில்லைங்க சார்" என்பதைப் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இத்தனை பேர் நடுவில் சொல்ல முடியாது என்று அதற்கு அர்த்தம். ஐம்பது கட்டில் போட்ட வார்டுக்கு ஒரே ஒரு மறைப்புத் திரை, அதிலும் ஒரு சக்கரம் உடைந்தது என்றால், நம் வார்டுகள் இந்த நோயை ஒளித்துவைப்பதற்கென்றே கட்டப்பட்டவை என்றுதான் நான் சொல்வேன். இதற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் திரையைத் தேடிக்கொண்டுவா என்று அதட்டுகிற அதிகாரம் நர்ஸைவிட உங்களுக்கு அதிகம். வெள்ளைக் கோட்டின் பேச்சுக்கு அட்டெண்டர் எழுந்திருப்பார்.

இன்னொரு மனக்குறையும் உண்டு. உங்கள் புத்தகங்களில் தொடக்க நிலைப் படம் சிவந்த வட்டமாக இருக்கும். வெள்ளைத் தோலில் எடுத்த படம் அது. நம் ஊர்த் தோலில் அப்படிச் சிவக்காது. கொஞ்சம் கறுக்கும், அல்லது சாம்பல் கலந்த ஊதா ஓடும், பளபளவென்று இழுத்துக் கட்டினதுபோல இருக்கும், குழல் விளக்கின் வெளிச்சத்தில் அதுவும் தெரியாது. லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மலோன் முக்வெண்டே என்ற மாணவர், கறுத்த தோலில் நோய் எப்படித் தெரியும் என்று காட்டும் கையேடு ஒன்றைத் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து 2020இல் கொண்டுவந்தார். அவர் உங்களைப் போலப் படிக்கிற பிள்ளைதான். கறுப்பும் மாநிறமும் தவிர வேறு தோலை அதிகம் பார்க்காத நாம் இன்னும் வெள்ளைக்காரத் தோலின் படத்தை வைத்துக்கொண்டு சிவப்பு வருமா என்று காத்திருக்கிறோம். காத்திருக்காதீர்கள். இந்த நோயில் நிறத்துக்கு முன்னால் வலி வரும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் தாங்க முடியாத வலி என்றால், அதுதான் முதல் அடையாளம். கொப்புளம் வந்த பிறகு எங்கள் ஆயாவே கண்டுபிடித்துவிடுவார். அதற்கு நீங்கள் எம்.பி.பி.எஸ். படிக்க வேண்டாம்.

ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹெபாரின் போட்ட இடத்தில் ஒரு வாரம் பத்து நாள் கழித்துத் தடித்து அரிப்பது அவ்வளவு அபூர்வம் இல்லை. ஜெர்மனியில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில் நூறில் ஏழெட்டுப் பேருக்கு இருந்தது. அது ஒவ்வாமை. மருந்தை மாற்றினால் அடங்கும். ஆனால் போட்ட இடம் அரிக்காமல் வலித்துக் கறுத்தால் வேறு கதை. அப்போது பிளேட்லெட் எண்ணிக்கையைப் பாருங்கள். ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில் அது பாதியாகக் குறைந்திருந்தால், ஹெபாரினுக்கு எதிராக உடம்பே எதிர்ப்புப் பொருள் செய்து உறைதலைத் தூண்டிவிட்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஹெபாரின் என்ற பெயரில் எதுவும் உள்ளே போகக் கூடாது, நாங்கள் ஊசிக்குழாயைக் கழுவப் போடும் துளிகூட. அந்த நேரத்தில் ஹெபாரினுக்குப் பதிலாக அசிட்ரோமைத் தொடங்கிவிடலாம் என்று தோன்றும். தோன்றினால் பேனாவை மூடி வையுங்கள். பிளேட்லெட் 1.5 லட்சத்துக்கு ஏறுவதற்கு முன் அந்த மாத்திரையைத் தொடங்கினால் கை கால் அழுகிப்போகும் அபாயம் உண்டு. கனடாவின் ஹாமில்டன் நகரத்து மருத்துவர் தியோடர் வார்கன்டினும் அவரோடு இருந்தவர்களும் இதை 1997இலேயே எழுதிவிட்டார்கள். நர்ஸ் அடுத்த ஊசி போடும்போது முந்தின ஊசி போட்ட இடத்தைப் பார்த்துவிட்டு, இது சரியில்லை சார் என்றால், வந்து பாருங்கள்.

மாத்திரை தொடங்கிச் சில வாரம் கழித்துக் கால் விரல்கள் ஊதாவாகி வலித்தால், டயாலிசிஸ் நோயாளிக்குத் தொடையில் வலை பின்னியதுபோல் ஊதாக் கோடுகள் ஓடினால், அவையும் இந்த மாத்திரையோடு தொடர்புள்ளவையாக இருக்கலாம். அவை வேறு வேறு வியாதிகள். உங்கள் பேராசிரியர்கள் சொல்லித்தருவார்கள்.

நான் சொன்னதைக் கேட்டு நீங்கள் மாத்திரைக்கே பயந்துவிட்டால் அதைவிடப் பெரிய கேடு இல்லை. இது எலி மருந்து என்று போனில் படித்துவிட்டுப் பாட்டியின் மாத்திரையைக் குப்பையில் போட்ட பேரன்களை நான் பார்த்திருக்கிறேன். வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகத்தான் வந்தது, உண்மை. 1955இல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு அதே மருந்தைத்தான் கொடுத்தார்கள், அதுவும் உண்மை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அந்த வால்வையோ வேறு உலோக வால்வையோ பொருத்திக்கொண்டு, வேலைக்குப் போய், பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்கள் நம் வெளிநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்கிறார்கள். இந்த மாத்திரை இல்லாவிட்டால் அந்த வால்வில் இரத்தம் கட்டி நின்றுவிடும். புதிதாக வந்த மாத்திரைகள் அவர்களுக்கு ஆகாது. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வை, இரத்தக்கட்டியும் கசிவும் கூடியதால் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ருமாட்டிக் இதயநோயும் சீரற்ற துடிப்பும் உள்ளவர்களைப் பற்றி 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்விலும், ரிவராக்சபான் எடுத்தவர்களைவிடப் பழைய மாத்திரை எடுத்தவர்களே அதிகம் பிழைத்திருந்தார்கள். ஆகவே, வருடக்கணக்காக அசிட்ரோம் சாப்பிடுகிற ஒருவர் கையில் அரிப்பு என்று வந்தால், மாத்திரையை நிறுத்து என்று வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு க்ளோபிடோக்ரெல்லால் தடிப்பு வந்தாலும் அப்படியே. இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் தோலைக் காப்பாற்றி ஆளை இழந்துவிடுவோம்.

வருடக்கணக்காக அசிட்ரோம் சாப்பிடுகிறவர்களிடம் ஒன்றை மட்டும் தவறாமல் கேளுங்கள்: நடுவில் மாத்திரையை விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கினீர்களா? திருவிழா, விரதம், நாட்டு மருந்து, பஸ்ஸுக்குக் காசில்லை, மாத்திரை தீர்ந்துவிட்டது என்று ஒரு மாதம் விட்டுவிட்டு, பழைய அளவிலேயே தாங்களாகத் தொடங்குகிறவர்கள் நிறைய. இரத்தத்தைப் பொறுத்தவரை அது மறுபடியும் முதல் நாள்தான். பல வருடம் சாப்பிட்டவருக்குத் திடீரென்று தோல் கருகிய கேஸ்களில் சில இப்படித் திரும்பத் தொடங்கியவர்களுடையவை.

இனி உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

மாத்திரை தொடங்கிய தேதியைக் கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் பெரிதாக எழுதுங்கள். பத்து நாள்வரை, தினமும் ஒருமுறை, திரை போட்டு, பெண் நர்ஸை அருகில் வைத்துக்கொண்டு, இடங்களின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். எங்காவது வலிக்கிறதா என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். மார்பில் வலி உண்டா, தொடையில் உண்டா, பின்பக்கம் உட்காரும்போது எரிகிறதா, அடிவயிற்றில் தொட்டால் வலிக்கிறதா என்று கேட்டால் தலையை ஆட்டுவாள். உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் அந்தக் கேள்விகளை நர்ஸ் கேட்கட்டும், நீங்கள் அருகில் நில்லுங்கள். கூச்சப்படுவதில் தப்பில்லை. கேட்காமல் போவதுதான் தப்பு.

அந்தப் பத்து நாளுக்குள் புதிதாக ஒரு வலி வந்தது என்றால், வலி மாத்திரை எழுதுவதற்கு முன் துணியை விலக்கிப் பாருங்கள். விரலால் தொட்டுப் பாருங்கள். அடுத்த வேளை அசிட்ரோமை நிறுத்திவைத்துவிட்டு, எந்த நேரமானாலும் உங்களுக்கு மேலே இருப்பவரை எழுப்புங்கள். திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்துவதோடு வேலை முடியவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். உள்ளே கட்டி அப்படியே இருக்கிறது, கடிவாளமும் இல்லை. வைட்டமின் கே, பிளாஸ்மா, ஹெபாரின் பற்றிய முடிவுகள் அந்த ராத்திரியே எடுக்கப்பட வேண்டியவை. காலையில் ஸ்கின் ஒப்பீனியன் என்று எழுதி வைக்கிற சமாச்சாரம் இல்லை இது.

நர்ஸ் கூப்பிட்டால் வாருங்கள். போனிலேயே மருந்து சொல்லாதீர்கள். அவள் உங்களைவிட அதிகம் படித்தவள் என்று நான் சொல்லவில்லை. அவள் அந்தப் பெண்ணைக் கழுவி, துடைத்து, துணி மாற்றிவிட்டவள். நேற்று அந்தத் தோல் எப்படி இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள். இது வேறு மாதிரி இருக்கிறது சார் என்று அவள் சொல்வது, ஆய்வகத்திலிருந்து வரும் ஒரு ரிப்போர்ட்டுக்குச் சமம்.

ஹெபாரினை முன்கூட்டி நிறுத்தச் சொல்லி வரும் நெருக்கடிக்கு நீங்கள் தனியாக ஈடுகொடுக்க முடியாது என்று தெரியும். குறைந்தபட்சம், எத்தனையாவது நாள் என்பதைச் சத்தமாகச் சொல்லுங்கள். மூன்றாம் நாள்தான் சார், ஐந்து ஆகவில்லை என்று ரவுண்ட்ஸில் ஒரு குரல் கேட்டால் பல சீஃப்கள் நின்று யோசிப்பார்கள். நல்ல சீஃப்கள் எல்லோரும் யோசிப்பார்கள்.

ஒருத்தி இதிலிருந்து பிழைத்து வீட்டுக்குப் போகும்போது, டிஸ்சார்ஜ் சம்மரியில் இன்ன மாத்திரையால் இன்ன நாளில் தோல் கருகியது என்று தமிழிலும் எழுதிக் கொடுங்கள். ஆங்கிலத்தில் ஒரு சுருக்கெழுத்தை எழுதி அனுப்பினால், அடுத்த பிரசவத்தில் இன்னொரு ஊரில் இன்னொரு பயிற்சி மருத்துவர் அதே மாத்திரையை எழுதுவார். புரதம் சி, எஸ் பரிசோதனையை உடனே எடுத்துவிட்டுக் குறைவு என்று முத்திரை குத்தாதீர்கள். கட்டி புதிதாக இருக்கும்போதும் இந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போதும் அந்த அளவுகள் எப்படியும் குறைந்தே காட்டும். அதற்கு உரிய காலத்தில் வரச் சொல்லுங்கள். குறைவு உறுதியானால் அவளுடைய அக்கா தங்கைகளையும் பிள்ளைகளையும் பார்க்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, நடந்ததைப் பதிவு செய்யுங்கள். மருந்தால் வரும் தீங்குகளைத் திரட்ட இந்தியாவில் 2010இல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. காசியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன்தான் அதன் தலைமையிடம். பல மருத்துவக் கல்லூரிகளில் அதன் மையம் இருக்கிறது. உங்கள் கல்லூரியில் இருந்தால் பார்மகாலஜித் துறையில் விசாரித்தால் சொல்லிவிடுவார்கள். படிவம் ஒரு தாள்தான். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். மருத்துவர் மட்டுமில்லை, நர்ஸும் மருந்தாளுநரும் நோயாளியும்கூடத் தெரிவிக்கலாம். சந்தேகம் இருந்தாலே போதும், நிரூபிக்க வேண்டியதில்லை. தெரிவித்தால் வழக்கு வருமோ என்ற பயம் வார்டுகளில் உண்டு; மருந்தைக் கண்காணிக்கத்தான் அந்தப் படிவம், உங்களைத் தண்டிக்க அல்ல. பிரசவ வார்டில் நடந்தது பிரசவ வார்டோடு போய்விட்டால், ஆயிரத்தில் ஒருவரா பத்தாயிரத்தில் ஒருவரா என்பதற்கு நம் ஊர்க் கணக்கு என்று ஒன்று வரவே வராது. வெளிநாட்டுக் கணக்கை வைத்துக்கொண்டே அரிது, அரிது என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

இன்று ராத்திரி உங்களில் பலருக்கு டியூட்டி இருக்கும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வார்டுக்குள் நுழைந்ததும் அசிட்ரோமோ வார்ஃபரினோ தொடங்கிப் பத்து நாள் ஆகாதவர்கள் எந்தெந்தக் கட்டிலில் இருக்கிறார்கள் என்று நர்ஸிடம் கேளுங்கள். அந்தத் திரை எங்கே என்றும் கேளுங்கள். விளக்கை அணைப்பதற்கு முன் போய்ப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு ஸ்டாஃப் நர்ஸ்